தேர்வு ஊடகத்தில் எண்ணிக்கை தவறும்போது எங்கே பார்க்க வேண்டும்

உணவில் உள்ள நோய்க்கிருமிகளை எண்ணுவதற்கான தேர்வு ஊடகத்தை (தேடும் பாக்டீரியாவை வளரவிட்டு மற்றவற்றை அடக்கும் வளர்ப்புக் கலவையை) தாங்களே கலந்து, தங்கள் பொருளுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் ஆய்வகங்களுக்காக இந்த வழிமுறை எழுதப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும் நம்மவர்கள் அன்றாடம் சோதிக்கும் பொலோனி (வேகவைத்த தொத்திறைச்சி), பில்டாங் (உலர்த்திய இறைச்சி), மசாலாத் தூள், அமாசித் தயிர், பிரியாணி ஆகியவற்றில் ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்போதெல்லாம் பழி, வேண்டாத பாக்டீரியாவை அடக்க ஊடகத்தில் சேர்க்கும் தடுப்பு மருந்தின் மீது விழுகிறது. ஆனால் குறை பெரும்பாலும் சூடாக்கிய விதத்திலோ, எடையிலோ, நீரிலோ, உணவு மாதிரியின் தன்மையிலோதான் இருக்கிறது. ஆகவே மருந்தின் அளவை மாற்றுவதைக் கடைசிப் படியாக வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை கூடுதலாகத் தவறினால் நல்ல சரக்கு வீணாகும். குறைவாகத் தவறினால் மனிதர்கள் நோயுறுவார்கள். 2017, 2018 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் பரவிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உண்ணத் தயாரான பதப்படுத்திய இறைச்சியே மூலம் என்று 2018 மார்ச் 4 அன்று அறிவிக்கப்பட்டது. அதனால் குறைவான எண்ணிக்கை தொடர்பான அறிகுறிகளுக்கே இங்கு மிகுந்த இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பக்கத்தில் ஒரு பொதுத் தட்டு

ஏறத்தாழ நூறு செல்கள் இருக்கும்படி நீர்த்த தரத் திரிபை (இயல்பு முன்பே தெரிந்த, ஒப்பிடுவதற்கான பாக்டீரியாவை), ஒரே அளவில், தேர்வு ஊடகத் தட்டிலும், தடுப்பு மருந்து இல்லாத பொது ஊடகமான டிரிப்டோன் சோயா அகார் தட்டிலும் பரப்பி, இரண்டையும் ஒரே இன்குபேட்டரில் (வெப்பத்தை நிலையாக வைக்கும் வளர்ப்புப் பெட்டியில்) வையுங்கள். தேர்வுத் தட்டில் வந்த எண்ணிக்கையைப் பொதுத் தட்டின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ஊடகத்தின் விளைதிறன் விகிதம். ஐஎஸ்ஓ 11133 தரநிலை, எண்ணுவதற்கான தேர்வு ஊடகத்துக்கு இந்த விகிதம் 0.5க்குக் குறையக் கூடாது என்கிறது. புதிய கலவையை உருவாக்கிக்கொண்டிருப்பவர் இதைவிட உயர்ந்த விகிதத்தை இலக்காக வைப்பது நல்லது. ஏனெனில் ஆய்வகத்தில் செழிப்பாக வளர்க்கப்பட்ட திரிபே பாதிதான் வருகிறது என்றால், உறைபெட்டியிலிருந்து வந்த உணவில் உள்ள களைத்த செல்களின் நிலை இன்னும் மோசமாக இருக்கும்.

இரண்டு தட்டிலும் வளர்ச்சி மோசமாக இருந்தால் தேர்வு ஊடகத்தைத் தொடாதீர்கள். திரிபு பழையதாகியிருக்கலாம், இரண்டு ஊடகத்துக்கும் பயன்படுத்திய நீர் கெட்டிருக்கலாம், அல்லது இன்குபேட்டர் தவறியிருக்கலாம். பொதுத் தட்டு நன்றாக இருந்து தேர்வுத் தட்டு மட்டும் குறைந்தால் அறிகுறி 1க்குச் செல்லுங்கள். இரண்டும் நன்றாக இருந்து, உணவு மாதிரியில் மட்டும் எண்ணிக்கை நம்ப முடியாததாக இருந்தால் அறிகுறி 2க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 1: தரத் திரிபே தேர்வுத் தட்டில் குறைவாக வருகிறது

*சூடாக்கிய விதம்.* செலவே இல்லாத முதல் சோதனை, ஊடகப் புட்டியின் மேல்தாளை மீண்டும் படிப்பது. பித்த உப்பும் படிக ஊதாவும் கொண்ட விஆர்பிஜி ஊடகத்தையும், சால்மோனெல்லாவுக்கான எக்ஸ்எல்டி ஊடகத்தையும் கொதிக்க வைத்தாலே போதும். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் தொற்று நீக்கும் கலத்தில்) வைக்கக் கூடாது. வைத்தால் எக்ஸ்எல்டியில் படிவு உண்டாகும், விஆர்பிஜி கடுமையாகித் தேடும் பாக்டீரியாவையே அடக்கிவிடும். ஆட்டோகிளேவில் வைக்க வேண்டிய ஊடகத்திலும், பெரிய குடுவையில் ஐந்து லிட்டரை ஒன்றாக வைத்தால் நடுப்பகுதி 121 டிகிரியை எட்டுவதற்குள் ஓரங்கள் நீண்ட நேரம் வெந்துவிடும். வழக்கத்தைவிடப் பழுப்பாக இருக்கும் ஊடகம் இதைத்தான் சொல்கிறது. 500 மில்லிலிட்டர் புட்டிகளாகப் பிரித்து வைத்து, அடுத்த தொகுதியை ஒப்பிடுங்கள்.

*சப்ளிமென்ட் குப்பியின் அளவு.* சப்ளிமென்ட் என்பது ஊடகத்தில் தனியாகச் சேர்க்கும் மருந்து. சந்தையில் கிடைக்கும் குப்பிகள் பல, 500 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிரப்பப்பட்டவை. சில ஒரு லிட்டருக்கானவை. விற்பனையாளரை மாற்றிய மாதத்தில் இரட்டை அளவு அல்லது பாதி அளவு விழுவது மிக எளிது. குப்பியில் உள்ள மருந்தின் மொத்த அளவைப் படித்து, லிட்டருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, பாசில்லஸ் சீரியஸுக்கான எம்ஒய்பி ஊடகத்தில் லிட்டருக்கு ஒரு லட்சம் அலகு பாலிமிக்சின் இருக்க வேண்டும்; கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்கான டிஎஸ்சி ஊடகத்தில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சைக்ளோசெரின் இருக்க வேண்டும்.

*எடை.* டர்பனின் கடற்கரை ஈரப்பதத்தில் திறந்த புட்டி விரைவில் கட்டி தட்டிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கான பேர்ட்-பார்க்கர், லிஸ்டீரியாவுக்கான ஆக்ஸ்ஃபோர்டு போன்ற, லித்தியம் குளோரைடு கலந்த தூள்கள் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். கட்டி தட்டிய தூளில் நீரின் எடையும் சேர்ந்திருப்பதால் சத்தும் மருந்தும் குறைந்தே விழும். அதோடு, கட்டிகளில் பொருள்கள் சீராகவும் இருக்காது. அத்தகைய தூளை இடித்து மீண்டும் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த முறை சிறிய புட்டியாக வாங்கி, உலர்த்தும் ஜெல் இட்ட பெட்டியில் வையுங்கள்.

*காடி எண் (pH).* ஊடகம் இறுகிய பின், 25 டிகிரியில், தட்டை முனை கொண்ட மின்வாயால் அளக்க வேண்டும். குறித்த மதிப்பிலிருந்து 0.2க்கு மேல் விலகக் கூடாது. சூடான திரவத்தில் அளந்த எண்ணை நம்பிக் காரம் சேர்ப்பவர்கள், இல்லாத பிழையைத் திருத்தி உண்மையான பிழையை உண்டாக்குகிறார்கள்.

*வெளிச்சம்.* ஊற்றிய தட்டுகளைச் சன்னலோரத்திலோ, கண்ணாடிக் கதவுள்ள குளிர்பெட்டியிலோ வைத்தால், சாயங்களும் வேறு சில கூறுகளும் ஒளிபட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். களைத்த செல்களை அது கொல்லும். பொட்டலத்தின் மேல் தட்டையும் நடுத் தட்டையும் ஒரே திரிபால் சோதியுங்கள். மேல் தட்டு மட்டும் குறைந்தால் காரணம் வெளிச்சமே. தட்டுகளை இருட்டில், 5 டிகிரி அளவில் வையுங்கள்.

*நீர்.* மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 25 மைக்ரோசீமென்ஸைத் தாண்டக் கூடாது. 5க்குக் கீழே இருப்பது விரும்பத்தக்கது. ஆனால் இந்த எண் சரியாக இருந்தும் நீர் நச்சாக இருக்கலாம். வடிகலத்தின் செம்புப் பகுதியிலிருந்து கசியும் மிகச் சிறிய அளவு செம்போ, கழுவிய குடுவையில் தங்கிய சோப்போ போதும். மருந்தகத்தில் கிடைக்கும் ஊசிக்கான தூய நீரில் ஒரு சிறு தொகுதியைக் கலந்து, உங்கள் நீரில் கலந்ததோடு ஒப்பிடுங்கள்.

*வல்லுநரை அழைக்கும் கட்டம்.* மேலுள்ள எல்லாம் சரியாக இருந்தும் விகிதம் 0.5ஐத் தொடவில்லை என்றால், ஊடகத் தொகுதி எண்ணையும் உங்கள் ஒப்பீட்டுப் பதிவையும் இணைத்துத் தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புங்கள். தூய நீரில் கலந்தது மட்டும் நன்றாக வளர்ந்தால், உங்கள் நீரை உலோகப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டும்.

அறிகுறி 2: தரத் திரிபு நன்றாக வருகிறது, உணவு மாதிரியில் மட்டும் குறைகிறது

கண்ணுக்கு அதிகம் தப்பும் அறிகுறி இதுதான். ஊடகம் தரச் சோதனையில் தேறிவிட்டதால், உணவு தூய்மையானது என்ற முடிவுக்கு ஆய்வாளர் எளிதில் வந்துவிடுகிறார்.

*நீர்த்தல் கூடும்போது எண்ணிக்கையும் கூடுகிறதா?* முதலில் இதைப் பாருங்கள். ஏற்கெனவே கையில் உள்ள தட்டுகளே போதும். 10⁻¹ (பத்தில் ஒன்றாக நீர்த்த) தட்டில் 12 காலனியும் (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாத் திட்டு), 10⁻² (நூறில் ஒன்றாக நீர்த்த) தட்டில் 30 காலனியும் இருந்தால், உணவே பாக்டீரியாவைத் தடுக்கிறது. கிராம்பு, பட்டை, ஓரிகானோ, பூண்டு, வெங்காயத் தூள் ஆகியவற்றில் இது வழக்கம். நம் ஊர் மசாலாக் கலவைகளில் இவற்றில் இரண்டு மூன்றாவது சேர்ந்தே இருக்கும். பட்டைக்கும் ஓரிகானோவுக்கும் நூறில் ஒன்று, கிராம்புக்கு ஆயிரத்தில் ஒன்று என்று முதல் நீர்த்தலையே மாற்ற வேண்டும். பூண்டு, வெங்காயத் தூளுக்கு முன்வளர்ப்புச் சாற்றில் 0.5 விழுக்காடு பொட்டாசியம் சல்ஃபைட்டு சேர்த்து அவற்றின் தடுப்பாற்றலை முறிப்பது வழக்கமான முறை. நீர்த்தலைக் கூட்டினால் கண்டறியும் கீழெல்லை உயரும். அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

*உணவின் புளிப்பு.* அமாசி போன்ற புளித்த பொருளை நேராக நீர்த்தால் கலவையின் காடி எண் சரிந்து, பித்த உப்பும் சாயமும் மிகக் கடுமையாக வேலை செய்யும். முதல் நீர்த்தலின் காடி எண்ணை அளந்து, தேவையானால், காடி எண் மாறாமல் காக்கும் தாங்கல் உப்பு மிகுந்த நீர்த்தியைப் பயன்படுத்துங்கள்.

*காயப்பட்ட செல்கள்.* வெந்த பொலோனி, உலர்ந்த பில்டாங், உறைந்த இறைச்சி ஆகியவற்றில் உயிரோடு இருக்கும் செல்களில் பலவற்றின் வெளிச்சவ்வு பழுதுபட்டிருக்கும். நலமான செல் தாங்கும் பித்த உப்பையோ லித்தியம் குளோரைடையோ அவற்றால் தாங்க முடியாது. ஆனால் குளிர்பெட்டியில் மெல்லத் தேறி, பின்னர் நோயை உண்டாக்க அவற்றால் முடியும். சோதிக்கும் வழி எளிது. தரத் திரிபின் ஒரு பகுதியை 55 டிகிரி நீரில் சில நிமிடம் வைத்து, சில நிமிட இடைவெளிகளில் எடுத்து, பொதுத் தட்டிலும் தேர்வுத் தட்டிலும் பரப்புங்கள். பொதுத் தட்டில் எண்ணிக்கை நின்று, தேர்வுத் தட்டில் பத்தில் ஒரு பங்காகச் சரியும் கட்டம் ஒன்று கிடைக்கும். அந்தக் கட்டத்து மாதிரியே உங்கள் கலவையை மதிப்பிடும் உண்மையான அளவுகோல். புதிதாக ஊடகம் உருவாக்குபவர் இந்தச் சோதனை இல்லாமல் கலவையை முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரிசெய்யும் வழிகளில் மலிவானது, செல்களுக்குத் தேற நேரம் தருவது. மாதிரியைப் பொது அகாருடன் கலந்து ஊற்றி, அறை வெப்பத்தில் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வைத்து, பின் தேர்வு ஊடகத்தை மேலே ஊற்றலாம்; மருந்து மெல்லக் கீழிறங்குவதற்குள் செல்கள் சவ்வைச் செப்பனிட்டுக்கொள்ளும். எஷரிகியா கோலிக்கான டிபிஎக்ஸ் தட்டை முதல் நான்கு மணி நேரம் 37 டிகிரியிலும், பின்னர் 44 டிகிரியிலும் வைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். அடுத்த படி, கலவையில் சோடியம் பைருவேட்டு சேர்ப்பது. அது பெராக்சைடை அழிக்கும். பேர்ட்-பார்க்கர் ஊடகம் உலர்ந்த, வெந்த உணவுகளிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸைப் பிடிப்பதற்கு, லிட்டருக்கு 10 கிராம் என்ற அளவில் அதில் உள்ள பைருவேட்டு ஒரு முக்கியக் காரணம். தேறும் நேரத்தை மிகவும் நீட்டிவிடாதீர்கள். செல்கள் பிளவுபடத் தொடங்கினால் எண்ணிக்கை செயற்கையாக உயர்ந்துவிடும்.

*வல்லுநரை அழைக்கும் கட்டம்.* தேற்றும் படி சேர்த்த முறை, வெளியிடப்பட்ட தரமுறையிலிருந்து விலகிய முறை. ஐஎஸ்ஓ 17025இன்படி தென்னாப்பிரிக்க அங்கீகார அமைப்பான சனாஸின் ஏற்பு பெற்ற ஆய்வகம், அதைச் சரிபார்க்காமல் வாடிக்கையாளருக்கு அறிக்கை தர முடியாது. எத்தனை மாதிரிகள், எத்தனை திரிபுகள், எந்தக் கணக்கீடு என்பதைத் தொடங்குவதற்கு முன்பே புள்ளியியல் அறிந்தவருடன் பேசி வகுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: வேண்டாதவை தட்டை நிரப்புகின்றன

முதலில், மருந்து உண்மையிலேயே ஊடகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஊற்றிய மருந்து வீணாகியிருக்கலாம். செஃப்டாசிடைம் போன்ற செஃபலோஸ்போரின்கள் கரைத்து வைத்த நிலையில் ஆற்றல் இழக்கும். சைக்ளோசெரின் கரைசலும் நிலையற்றது. நன்றாகக் கலக்காத குடுவையில் சில தட்டுகளுக்கு மருந்து குறைவாகவும் வேறு சிலவற்றுக்கு மிகுதியாகவும் போகும். ஊற்றிய வரிசையில் தட்டுகளுக்கு எண் இட்டு, மருந்து அடக்க வேண்டிய திரிபு ஒன்றை முதல், நடு, கடைசித் தட்டுகளில் பரப்பினால் அது உடனே தெரியும்.

மருந்து சரியாக இருந்தால், அடுத்ததாக வளர்ப்பு நேரத்தைப் பாருங்கள். தேடுவது 24 மணி நேரத்தில் முழுமையாக வந்துவிட்டால், 48 மணி வரை வைப்பது மற்றவற்றுக்கு இடம் கொடுப்பதாகிவிடும்.

அதன் பிறகே அளவை மாற்றுவது. அப்போதும் ஒரே ஒரு தடுப்பானை, பாதி, முழு, ஒன்றரை, இரட்டை என நான்கு அளவில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுச் சோதியுங்கள். ஒவ்வோர் அளவிலும் இரண்டு எண்களைக் குறிக்க வேண்டும்: தேடும் திரிபின் விளைதிறன் விகிதம், அடக்க வேண்டிய திரிபுக்கான தடுப்பு அளவு. பின்னதை, பொதுத் தட்டில் வளரும் மிக உயர்ந்த நீர்த்தலுக்கும் தேர்வுத் தட்டில் வளரும் மிக உயர்ந்த நீர்த்தலுக்கும் இடையே உள்ள, பத்தின் அடுக்குகளின் வேறுபாடாகக் கணக்கிடுவார்கள். அது 2க்குக் குறையக் கூடாது. முதல் எண் சரியத் தொடங்கும் அளவுக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். அங்கும் வேண்டாதவை வளர்ந்தால் அந்த மருந்து அந்த உணவுக்குப் பொருந்தாது. அளவை இன்னும் ஏற்றுவதைவிட, வேறு வழியில் தாக்கும் இரண்டாவது மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பதே சிறந்தது. லிஸ்டீரியா ஊடகங்களில் லித்தியம் குளோரைடு, நாலிடிக்சிக் அமிலம், பாலிமிக்சின், செஃப்டாசிடைம், பூஞ்சைக்கு ஆம்ஃபோடெரிசின் என்று பல ஒன்றாக நிற்பது இதனால்தான்.

இந்தச் சோதனைகளில், திரிபுச் சேமிப்பகங்களிலிருந்து வாங்கிய திரிபுகளை மட்டும் வைத்து நிறைவடைய வேண்டாம். உங்கள் ஆலையின் வடிகாலிலும் பொருளிலும் இருந்து பிரித்தெடுத்த வேண்டாத காலனிகளைச் சாய்வுக் குழாய்களில் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே சோதியுங்கள். உங்கள் ஊடகம் அன்றாடம் சந்திக்கப் போவது அவற்றைத்தான். அவற்றில் ஒன்று எந்த மருந்துக்கும் அடங்காமல் தொடர்ந்து வந்தால், இனம் காணும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அதை அனுப்பி, பெயர் தெரிந்த பின் தடுப்பானைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி 4: நிறமோ வளையமோ தெளிவாக இல்லை

பேர்ட்-பார்க்கரில் கரிய, பளபளப்பான காலனி வந்து தெளிந்த வளையம் வராவிட்டால், முதலில் முட்டை மஞ்சள் கருக் கலவையின் வயதைப் பாருங்கள்; அடுத்து, 24 மணியில் காலனிகளைக் குறித்துவிட்டு 48 மணியில் மீண்டும் பாருங்கள். மாட்டுப் பாலிலிருந்து வரும் திரிபுகள் சில வளையமே காட்டாதவை. பால் பொருள்களுக்கு முயல் குருதிநீரும் ஃபைப்ரினோஜனும் கொண்ட ஊடகத்துக்கு மாறுவது செலவானாலும் நேர்மையான தீர்வு.

எம்ஒய்பியில் பாசில்லஸ் சீரியஸ் இளஞ்சிவப்பாக, சுற்றிலும் வெண்படிவோடு வர வேண்டும். மசாலாவிலும் பிரியாணியிலும் மானிட்டாலைப் புளிக்க வைக்கும் வேறு பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தால் தட்டு முழுவதும் மஞ்சளாகி, எதுவும் பிரித்தறிய முடியாமல் போகும். உயர்ந்த நீர்த்தலை எண்ணுங்கள். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸும் இதே தோற்றத்தில் வரும் என்பதால் உறுதிச் சோதனைக்கு முன் அறிக்கையில் அனுமானம் என்றே குறிப்பிட வேண்டும்.

டிபிஎக்ஸில் நீலம் வராத காலனியை எஷரிகியா கோலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓ157 வகை நீலமாவதற்கான நொதியைக் காட்டாது. லிஸ்டீரியாவுக்கான அலோவா தட்டில் நீலப்பச்சைக் காலனியைச் சுற்றிய ஒளிபுகா வளையம் மோனோசைட்டோஜீன்ஸுக்கு மட்டும் உரியதன்று, லிஸ்டீரியா இவானோவி என்ற மற்றோர் இனமும் அதைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐந்து காலனிகளை எடுத்து உறுதி செய்து, அந்த விகிதத்தில் எண்ணிக்கையைத் திருத்துங்கள். உண்ணத் தயாரான உணவில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் உறுதியானால் ஊடகத்தை ஆராய்ந்துகொண்டு காலம் கடத்தாமல், சரக்கை நிறுத்தி, பொறுப்பாளருக்கும் உள்ளூர்ச் சுகாதார அலுவலருக்கும் அன்றே தெரிவியுங்கள்.

அறிகுறி 5: காலனிகள் ஓடிப் பரவுகின்றன, அல்லது அகார் இறுகவில்லை

பரவினால், தட்டின் மேல் ஈரம் இருக்கிறது. துளிகள் மறையும் வரை மட்டும் உலர்த்துங்கள், வெடிக்கும் அளவுக்கு வேண்டாம். கலந்து ஊற்றும் முறையில் மேலே மெல்லிய இரண்டாம் அடுக்கு ஊற்றினால் பெரும்பாலும் அடங்கும். அகார் தளர்ந்தால், அமிலத்தன்மையோடு சூடாக்கியிருக்கலாம், பலமுறை உருக்கியிருக்கலாம், அல்லது தூள் முழுவதும் கரையாமல் அடியில் தங்கியிருக்கலாம். ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள்.

அறிகுறி 6: ஒரு தொகுதி சரி, அடுத்த தொகுதி தவறு

*மின்தடை.* சுழற்சி மின்வெட்டுக் காலத்தில் இன்குபேட்டர் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ நின்றுவிட்டு, காலையில் பார்க்கும்போது சரியான எண்ணைக் காட்டும். உள்ளே வெப்பப் பதிவுக் கருவி ஒன்றை வைக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். 44 டிகிரியில் இருக்க வேண்டிய தட்டு நெடுநேரம் குளிர்ந்திருந்தால், வளர்ப்பு நேரத்தைக் கூட்டி ஈடு செய்ய முயலாமல் அந்தச் சோதனையை நீக்கிவிட்டு மீண்டும் செய்யுங்கள். அந்த வெப்பமும் தடுப்பானின் ஒரு பகுதி. சப்ளிமென்ட் வைத்த குளிர்பெட்டியும் அதே நேரத்தில் நின்றிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

*ஊர் மாறிய முறை.* டர்பனில் நன்றாக இயங்கும் முறையை ஜோகன்னஸ்பர்க் கிளையில் அப்படியே செய்தும் எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், ஆட்டோகிளேவின் அழுத்தமானியைப் பாருங்கள். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் 15 பவுண்டு அழுத்தம் 121 டிகிரியைத் தரும். அங்கே அதே குறி ஏறத்தாழ 118 டிகிரியையே தரும். தொற்று நீங்காத ஊடகத்தைக் கண்ட ஆய்வாளர் நேரத்தை நீட்டுவார். நேரம் நீண்டால் ஊடகம் வெந்து, அறிகுறி 1 தோன்றும். அழுத்தத்தைப் பார்க்காமல், குடுவைக்குள் வைத்த வெப்பமானியைப் பார்த்து இயக்குங்கள். அங்கே நீர் 94 டிகிரி அளவிலேயே கொதிப்பதால், கொதிக்க மட்டும் வைக்கும் ஊடகங்களில் அகார் முழுவதும் கரைந்ததைக் கண்ணால் உறுதி செய்த பிறகே இறக்க வேண்டும்.

*வல்லுநரை அழைக்கும் கட்டம்.* அழுத்தக் கட்டுப்பாட்டையோ பாதுகாப்பு வால்வையோ ஆய்வகத்தார் தொடக் கூடாது. அழுத்தக் கலங்களைச் சோதிக்கத் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும். சுமை நிரம்பிய நிலையிலும் காலியான நிலையிலும் உள்வெப்பப் பரவலை அளந்து தரும்படி, சனாஸ் ஏற்பு பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்திடம் கேளுங்கள். நீங்கள் வழக்கமாக வைக்கும் புட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் முன்கூட்டியே அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.